காணாமற்போன எண்மரும் கைநழுவிய துப்புகளும்

வயது வந்த ஒருவர் எவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஊரைவிட்டுப் போவது குற்றமல்ல. அவரைக் கண்டுபிடித்த பிறகும், தம் இருப்பிடத்தை வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டால் அதை மதிக்க வேண்டிய கடமை பல நாடுகளின் காவல்துறைக்கு உண்டு. காணாமற்போனோரைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை சில நாட்களில் தாமாகவே தீர்ந்துவிடுகின்றன என்பதும் உண்மை. இவ்விரண்டும் சேர்ந்து உலகெங்கும் காவல் நிலையங்களில் ஒரு மனப்பழக்கத்தை வளர்த்திருக்கின்றன. போனவர் எப்படியும் திரும்பிவிடுவார் என்ற நினைப்போடுதான் புகார் ஏட்டில் ஏறுகிறது. அவர் திரும்பாமலே மாதங்கள் கழிந்தாலும், அந்த நினைப்பை மாற்றிக்கொள்ள வேண்டிய நாள் எது என்பதை எவரும் குறித்துவைப்பதில்லை. கனடாவின் டொராண்டோ நகரில் 2010க்கும் 2017க்கும் இடையில் எட்டு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக மறைந்ததும், அவர்களில் இருவர் இலங்கைத் தமிழர்கள் என்பதும், அவ்வழக்குகளைக் காவல்துறை கையாண்ட முறையை ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் பின்னர் ஏடு ஏடாகப் புரட்டிப் பார்த்ததும், இந்த மனப்பழக்கம் எவ்வளவு பெரிய விலை கேட்கக்கூடியது என்பதை வேறெந்த நிகழ்வையும்விடத் தெளிவாகக் காட்டுகின்றன.

டொராண்டோவின் சர்ச் தெருவும் வெல்லெஸ்லி தெருவும் சந்திக்கும் வட்டாரம் நெடுங்காலமாகத் தன்பால் ஈர்ப்பாளர்கள் கூடும் இடமாக அறியப்பட்டது. அங்குள்ள இரவு விடுதி ஒன்றிலிருந்து 2010 செப்டம்பர் தொடக்கத்தில் வெளியேறிய 40 வயதுத் தமிழர் ஒருவர், இலங்கையிலிருந்து அகதியாக வந்து அந்நகரில் வாழ்ந்துவந்தவர், அதன்பின் எவர் கண்ணிலும் படவில்லை. அண்மையில் வாங்கி ஆசையாக வளர்த்த நாய்க்குட்டியை விட்டுவிட்டு அவர் தாமாகப் போயிருக்க வழியில்லை என்று நண்பர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதே ஆண்டு டிசம்பர் இறுதியில், மனைவி மக்களோடு டொராண்டோவை அடுத்த பீல் மண்டலத்தில் வசித்த ஆப்கானியர் ஒருவர் மறைந்தார். அவருடைய கார் டொராண்டோ நகருக்குள் அநாதையாக நின்றது. மூன்றாமவரும் ஆப்கானிஸ்தானில் பிறந்தவர். 2012 அக்டோபரில் அவர் காணவில்லை என்று அவருடைய மகன் புகார் கொடுத்தார். மூவரும் நடுவயதைத் தொட்டவர்களோ கடந்தவர்களோ ஆவர். மூவரும் ஆசியாவிலிருந்து குடியேறிய பழுப்பு நிறத்தவர். மூவரும் அதே வட்டாரத்துக்கு வந்துபோனவர்கள். ஆனால் இரண்டாமவரின் புகார் பீல் மண்டலக் காவல்துறையிடமும் மற்ற இருவரின் புகார்கள் டொராண்டோ காவல்துறையிடமும் இருந்தன. எல்லைக்கோட்டுக்கு இருபுறமும் வெவ்வேறு கட்டுகளில் கிடந்த தாள்கள் தாமாக ஒன்றையொன்று தேடிப் போவதில்லை.

மூன்று வழக்குகளையும் இணைத்துப் பார்க்க 2012 நவம்பரில் 'ஹூஸ்டன் திட்டம்' என்ற பெயரில் தனிக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. குழு பிறந்த காரணம் விசித்திரமானது. முதலில் மறைந்த தமிழரை, மனித இறைச்சி உண்ணும் கும்பலொன்று கொன்றிருக்கலாம் என்று சுவிட்சர்லாந்திலிருந்து வந்த தகவலே விசாரணைக்கு உயிர் கொடுத்தது. அத்தகைய தகவலைப் புறக்கணிக்கக் காவல்துறையால் முடியாது என்பது நியாயமே. அதைத் தொடர்ந்துபோனதில் வேறொரு குற்றவாளி, சிறாரை ஆபாசமாகச் சித்திரிக்கும் படங்கள் தொடர்பாக, பிடிபடவும் செய்தார். ஆனால் அவருக்கும் காணாமற்போனவர்களுக்கும் தொடர்பில்லை. உள்ளூரில் யார் யாரோடு பழகினார்கள் என்ற சாதாரணக் கேள்விகளுக்குச் செலவிட்டிருக்க வேண்டிய உழைப்பில் பெரும்பகுதியை அந்த அசாதாரணக் கதை விழுங்கிவிட்டது. 2013 ஜூனில் மூவரின் படங்களும் வெளியிடப்பட்டுப் பொதுமக்களிடம் தகவல் கேட்கப்பட்டது. 2014 ஏப்ரலில் எந்த முடிவும் எட்டாமல் குழு கலைக்கப்பட்டது.

அதற்கு ஐந்து மாதங்கள் முன்பு, 2013 நவம்பரில், தோட்டக்கலைத் தொழில் நடத்திவந்த புரூஸ் மெக்கார்தர் என்பவரைக் காவல்துறை அழைத்து விசாரித்தது. சந்தேகத்துக்குரியவராக அன்றி வெறும் சாட்சியாகவே அவர் நடத்தப்பட்டார். மறைந்த தமிழரைத் தெரியும் என்று அவர் ஒப்புக்கொண்டார்; மூன்றாமவரையும் தெரியும் என்றார்; இரண்டாமவரின் குறிப்பேட்டிலோ, இணையத்தில் மெக்கார்தர் பயன்படுத்திய புனைபெயர் எழுதப்பட்டிருந்தது. அதாவது காணாமற்போன மூவரோடும் தொடர்புடைய ஒரே மனிதர் காவல்துறையின் எதிரில் உட்கார்ந்திருந்தார். விசாரணை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனார். அவரைக் கேள்வி கேட்டவர் அவருடைய பின்னணியைப் போதிய அளவு ஆராயாமலேயே வந்திருந்தார் என்பதும், கிடைத்த பதில்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் வேலை அதன்பிறகும் நடைபெறவில்லை என்பதும் பின்னாளில் வெளிப்பட்டன. மெக்கார்தர் 2001ஆம் ஆண்டில் அதே வட்டாரத்தில் ஓர் ஆணை இரும்புக் குழாயால் தாக்கி, 2003இல் தண்டனை பெற்று, அந்தப் பகுதிக்குள் நுழையக் கூடாதென்று நீதிமன்றத்தால் தடுக்கப்பட்டிருந்தவர். தண்டனைக் காலம் முடிந்து நெடுநாள் குற்றமின்றி வாழ்ந்தவர்களின் பழைய பதிவை வழக்கமான தேடல்களில் தென்படாதபடி ஒதுக்கிவைக்கும் சலுகை கனடியச் சட்டத்தில் உண்டு. மெக்கார்தருக்கு அச்சலுகை 2014இல்தான் கிடைத்தது. ஆகவே 2013இல் தேடியிருந்தால் பழைய குற்றம் கண்ணில் பட்டிருக்கும்.

நடந்து முடிந்ததைப் பின்னிருந்து பார்ப்பவருக்கு எல்லாத் துப்பும் பளிச்சென்று தெரியும், விசாரணை நடக்கும்போது அது ஆயிரம் தாள்களுக்குள் ஒன்றாகக் கிடக்கும் என்று காவல்துறை சார்பில் சொல்லப்படுவதுண்டு. அந்த வாதத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் ஆயிரம் தாள்களுக்குள் கிடக்கும் ஒன்றை வெளியே இழுப்பதற்கென்றே ஒண்டாரியோ மாகாணம் ஒரு கருவியை உருவாக்கிவைத்திருந்தது என்பதை நினைத்தால் அந்த வாதம் வலுவிழக்கிறது. 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் பால் பெர்னார்டோ என்பவர் அம்மாகாணத்தில் தொடர்ச்சியாகப் பாலியல் வன்முறைகளையும் கொலைகளையும் செய்தார்; 1990 நவம்பரில் அவரிடமிருந்து எடுக்கப்பட்ட மரபணு மாதிரி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சோதிக்கப்படாமல் கிடந்தது; வெவ்வேறு காவல்துறைகள் தம்மிடம் உள்ளதை மற்றவருக்குச் சொல்லவில்லை. அந்தத் தோல்வியை ஆராய்ந்த நீதிபதி ஆர்ச்சி கேம்ப்பெல் 1996இல் அளித்த அறிக்கையின் விளைவாகவே 'பெருவழக்கு மேலாண்மை' என்ற முறை மாகாணம் முழுவதற்கும் விதியாக்கப்பட்டது. கொலை, பாலியல் வன்முறை, குற்றம் நடந்திருக்கலாம் என்று வலுவாகச் சந்தேகிக்கத்தக்க காணாமற்போதல் ஆகியவற்றில் கிடைக்கும் ஒவ்வொரு பெயரையும் எண்ணையும் வாகனத்தையும் எல்லாக் காவல்துறைகளுக்கும் பொதுவான ஒரு கணினித் தொகுப்பில் பதிய வேண்டும்; ஒரே பெயர் இரு வழக்குகளில் வந்தால் கணினி எச்சரிக்கும்; இதுவே அதன் சாரம். 'பவர்கேஸ்' என்று பெயரிடப்பட்ட அந்தத் தொகுப்பு டொராண்டோ காவல்துறையிடமும் இருந்தது. ஆயினும் முறையாகப் பயன்படுத்தப்படவில்லை. மூவர் ஒரே வட்டாரத்தில் மறைந்த பிறகும் அவ்வழக்குகள் உரிய காலத்தில் உரிய முறையில் பெருவழக்குகளாக நடத்தப்படாததால், ஒரு பழைய தோல்வியின் பாடமாக எழுதப்பட்ட விதி அடுத்த தோல்வியின்போது ஏட்டளவில் மட்டும் இருந்தது. டொராண்டோ வழக்கில் மன்னிக்கக் கடினமான பகுதி இதுதான் எனலாம். தெரியாமல் செய்யும் பிழைக்கும், தெரிந்து வகுத்த ஏற்பாட்டைத் தூசு படிய விடுவதற்கும் வேறுபாடு உண்டு.

காவல்துறையின் கைகளைக் கட்டிய சட்டச் சிக்கல் ஒன்றும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஒருவரின் வங்கிக் கணக்கையோ தொலைபேசிப் பதிவையோ பார்க்க நீதிமன்ற ஆணை வேண்டும். ஆணை பெறக் குற்றம் நடந்ததற்கான நியாயமான காரணத்தைக் காட்ட வேண்டும். உடலோ இரத்தக்கறையோ இல்லாமல் மறைந்த ஒருவருடைய வழக்கில் அந்தக் காரணத்தைக் காட்டுவதற்கே அந்தப் பதிவுகள் தேவைப்படும். இந்தச் சுழலை அறுக்க ஒண்டாரியோ சட்டமன்றம் காணாமற்போனோருக்கென்று தனிச்சட்டம் இயற்றியது. குற்றத்தின் தடயம் இல்லாவிட்டாலும் ஆவணங்களைக் கேட்டுப் பெற அச்சட்டம் வழிசெய்கிறது. ஆனால் அது நடைமுறைக்கு வந்தது 2019 ஜூலையில். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஹூஸ்டன் குழு கலைந்த பிறகு மறைவுகள் நிற்கவில்லை. 2015 ஆகஸ்டில் ஈரானிலிருந்து குடியேறியவர் ஒருவரும், 2016இன் தொடக்க மாதங்களில் இரண்டாவது தமிழர் ஒருவரும் வீடற்றுத் தங்குமிடங்களில் வாழ்ந்த ஒருவரும் கொல்லப்பட்டனர். 2016 ஜூனில் நிலைமை தலைகீழாகத் திரும்பியிருக்க வேண்டும். மெக்கார்தரின் வேனில் கழுத்து நெரிக்கப்பட்டுத் தப்பிய ஓர் ஆண் உடனே காவல்துறையை அழைத்தார். மெக்கார்தர் தாமாகவே நிலையத்துக்கு வந்து, அது இருவர் சம்மதத்தோடும் நடந்தது என்று தாம் எண்ணியதாகச் சொல்ல, அந்த விளக்கம் ஏற்கப்பட்டு வழக்குப் பதியப்படாமலே அவர் விடுவிக்கப்பட்டார். இரண்டரை ஆண்டுகளுக்கு முன் காணாமற்போனோர் வழக்கில் விசாரிக்கப்பட்டவர் இவர்தான் என்பதன் முழுப் பொருளும், தப்பியவரின் வாக்குமூலமும், பழைய தாக்குதல் வழக்கும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கப்பட்டிருந்தால், அதன்பின் மறைந்த இருவர் உயிரோடு இருந்திருக்கக்கூடும் என்ற கேள்வியை எந்த விளக்கத்தாலும் தவிர்க்க முடியாது. அந்த விடுவிப்புக்காக ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான அதிகாரி, விசாரணையின் முடிவில் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். தனி அதிகாரி ஒருவர் தம் முன் இருந்ததைக் கொண்டு முடிவெடுத்தார்; அவர் முன் இருந்திருக்க வேண்டியது ஏன் இல்லாமற்போனது என்பதற்கு நிறுவனமே பதில் சொல்ல வேண்டும்.

2017 ஏப்ரலில் துருக்கியைச் சேர்ந்த ஒருவரும், ஜூன் 26 அன்று 49 வயதான வெள்ளையினக் கனடியர் ஒருவரும் மறைந்தனர். கடைசியாக மறைந்தவர் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த சமூகப் பணியாளர். அவரைக் காணவில்லை என்றதும் நண்பர்கள் தெருத்தெருவாகச் சுவரொட்டி ஒட்டினார்கள், பூங்காக்களிலும் பள்ளத்தாக்குகளிலும் தாமே தேடினார்கள், ஊடகங்களை அழைத்தார்கள். 'பிரிஸம் திட்டம்' என்ற புதிய குழு உருவானது. அக்குழுவின் உழைப்பைக் குறைத்து மதிப்பிட இடமில்லை. மறைந்தவரின் நாட்காட்டியில் அந்த நாளுக்கு நேரே 'புரூஸ்' என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. அவர் வீட்டருகே இருந்த கண்காணிப்புக் கேமராவில் ஒரு சிவப்பு நிற வேன் மங்கலாகப் பதிவாகியிருந்தது. எண் தெரியாத அந்த வேனின் வகையையும் 2004 என்ற தயாரிப்பு ஆண்டையும் கண்டறிந்து, அத்தகைய வேன் வைத்திருந்தவர்களின் பட்டியலில் புரூஸ் என்ற பெயரைத் தேடி, விற்கப்பட்டு உடைப்புக் கிடங்குக்குப் போய்விட்ட வேனைக் கண்டெடுத்து, அதில் எஞ்சியிருந்த இரத்தத் துளிகளைச் சோதித்து, சங்கிலியைக் கண்ணி கண்ணியாகக் கோத்தார்கள். 2018 ஜனவரி 18 அன்று மெக்கார்தர் தம் குடியிருப்பில் கைதானபோது இன்னொரு ஆண் அங்கே கட்டப்பட்ட நிலையில் இருந்தார். அவர் உயிர் தப்பினார். மெக்கார்தர் தோட்ட வேலை செய்துவந்த மேலரி கிரெசன்ட் என்ற தெருவின் ஒரு வீட்டில், பெரிய பூந்தொட்டிகளுக்குள்ளும் வீட்டின் பின்புறப் பள்ளத்தாக்கிலும் எட்டுப் பேரின் எச்சங்களும் கிடைத்தன. 2010இல் இரண்டாமவரின் கார் கைவிடப்பட்ட இடம் அவ்வீட்டிலிருந்து அதிக தொலைவில் இல்லை. எட்டுக் கொலைகளையும் 2019 ஜனவரியில் அவர் ஒப்புக்கொண்டார். அடுத்த மாதம், 25 ஆண்டுகளுக்குப் பரோல் கோர இயலாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

பிரிஸம் குழுவால் இவ்வளவு செய்ய முடிந்ததென்றால், அதே நகரத்தின் அதே காவல்துறையால் 2013இல் ஏன் முடியவில்லை என்பதே டொராண்டோவில் எழுந்த கேள்வி. இரு காலங்களிலும் கிடைத்த தடயங்கள் ஒரே தரமானவை அல்ல. கேமராவில் வேன் சிக்கியது ஒரு நல்வாய்ப்பு. இருந்தும் தேடப்பட்டவர் யார் என்பதைப் பொறுத்துத் தேடலின் வேகம் மாறியது என்று அந்த வட்டாரத்து மக்கள், குறிப்பாகத் தெற்காசியர்கள், கருதியதற்கு அடிப்படை இருந்தது. கைதுக்கு ஆறு வாரங்கள் முன்பு, 2017 டிசம்பரில், அன்றைய காவல்துறைத் தலைவர் மார்க் சாண்டர்ஸ் செய்தியாளர்களைச் சந்தித்து, அங்கே தொடர் கொலைகாரர் எவரும் இருப்பதற்கான சான்றில்லை என்றார். மெக்கார்தர் அப்போதே விசாரணையாளர்களின் பார்வைக்குள் வந்துவிட்டிருந்தார். மெக்கார்தர் கைதான பிறகு சாண்டர்ஸ் அளித்த பேட்டியொன்றில், சமூகத்தினர் முன்வந்து தகவல் சொல்லவில்லை என்ற பொருள்படப் பேசியது புண்ணில் வேலைப் பாய்ச்சியது. பல ஆண்டுகளாக எச்சரித்துக்கொண்டிருந்தவர்கள் தாங்கள் என்பது அம்மக்களின் பதில். தெற்காசியரிடையே எய்ட்ஸ் தடுப்புப் பணி செய்துவந்த அமைப்பின் அன்றைய தலைவர் ஹரன் விஜயநாதன், காவல்துறைக்கு வெளியே இருக்கும் ஒருவர் இதை ஆராய வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் முன்னணியில் இருந்தார்.

2018இல் டொராண்டோ காவல் சேவை வாரியம், அதாவது காவல்துறையை மேற்பார்வையிடும் குடிமக்கள் அமைப்பு, மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி குளோரியா எப்ஸ்டைனிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தது. மெக்கார்தர் வழக்கோடு அவர் நிற்கவில்லை. 2017 நவம்பரில் காணாமற்போன ஓர் இளம்பெண்ணின் உடலை, கடைசியாக அவர் காணப்பட்ட இடத்துக்கு அருகிலேயே, காவல்துறை அன்றி அவருடைய தாயே கண்டெடுக்க நேர்ந்த கொடுமையையும் அவர் ஆராய்ந்தார். 2021 ஏப்ரலில் வெளியான அறிக்கை 151 பரிந்துரைகளைக் கொண்டது. விசாரணைகளில் கடுமையான குறைகள் இருந்தன என்றும், விளிம்புநிலை மக்களைப் பற்றிய தவறான அனுமானங்களும் நிறுவனத்துக்குள் ஊறிய பாகுபாடும் அவற்றுக்கு ஒரு பங்கு காரணம் என்றும், அதே வேளையில் எந்த அதிகாரியும் வேண்டுமென்றே வெறுப்பால் வழக்கைக் கைவிட்டதாகத் தாம் காணவில்லை என்றும் அவர் எழுதினார். இம்முடிவு இருதரப்பையும் முழுமையாகத் திருப்திப்படுத்தவில்லை. ஆனால் சிந்தித்துப் பார்த்தால், வெறுப்புக் கொண்ட ஓர் அதிகாரியை அடையாளம் காட்டியிருந்தால் அவரை நீக்கிவிட்டு நிறுவனம் நிம்மதியடைந்திருக்கும். எவரும் தீயவராக இல்லாமலேயே ஐந்து பேர் கூடுதலாக இறக்க முடிந்தது என்ற முடிவிலிருந்து அவ்வளவு எளிதில் தப்பிக்க வழியில்லை.

காணாமற்போனோருக்கென்று தனிப்பிரிவு 2018இல் டொராண்டோவில் தொடங்கப்பட்டது. புகார் வந்தவுடன் ஆபத்தின் அளவை எழுத்தில் மதிப்பிடுதல், நாட்கள் செல்லச் செல்ல அம்மதிப்பீட்டைத் திருத்துதல், குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் தகவல் சொல்லும் பொறுப்பைக் குறிப்பிட்ட ஒருவரிடம் கொடுத்தல் ஆகியவை பரிந்துரைகளில் முதன்மையானவை. ஆபத்துக் குறைவான புகார்களைச் சீருடையற்ற ஊழியர்களும் சமூகநல, பொதுச் சுகாதார அமைப்புகளும் ஏற்றுக்கொள்ள வேண்டும், காவல்துறை எல்லாவற்றுக்கும் முதல் வாசலாக இருக்கக் கூடாது என்பது அவற்றுள் துணிச்சலானது. இதன் தேவையை விளக்க, 2016இல் கொல்லப்பட்ட இரண்டாவது தமிழரின் கதை ஒன்றே போதும்.

அவர் 2010 ஆகஸ்டில் 492 தமிழர்களை ஏற்றிக்கொண்டு கனடாவின் மேற்குக் கரையை அடைந்த 'எம்.வி. சன் ஸீ' கப்பலில் வந்தவர். போர் முடிந்த மறு ஆண்டு அது. கப்பலில் வந்தவர்களைக் கனடிய அரசு சந்தேகத்தோடு நோக்கித் தடுப்புக் காவலில் வைத்தது. அவருடைய அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, நாடுகடத்தப்படும் நிலை வந்தது. அவருடைய குரல் தொலைபேசியில் வராமல் நின்றபோது, அதிகாரிகளுக்கு அஞ்சி எங்கோ தலைமறைவாக இருக்கிறார் என்றே உறவினர்கள் எண்ணினார்கள். காணவில்லை என்று புகார் கொடுத்தால் தேடிவரும் காவல்துறை அவரைக் குடிவரவு அதிகாரிகளிடம் சேர்த்துவிடும் என்ற அச்சத்துக்கு அவர்கள் நிலையில் இருந்த எவரும் ஆட்பட்டிருப்பார்கள். குற்றத்துக்கு ஆளானவரிடமும் சாட்சியிடமும் தக்க காரணமின்றிக் குடியுரிமை நிலையைக் கேட்கக் கூடாது என்ற கொள்கை டொராண்டோ காவல்துறைக்கு அப்போதே இருந்தது. தக்க காரணம் எது என்பதை முடிவுசெய்பவர் காவலரே என்பதால், அக்கொள்கையை நம்பி ஒருவர் வாசற்படி ஏறுவது எளிதாக இருக்கவில்லை. எட்டுப் பேரில் அவருக்கும், அதே ஆண்டில் கொல்லப்பட்ட வீடற்றவருக்கும் காணாமற்போனவர் என்ற கோப்புக்கூடத் திறக்கப்படவில்லை. கொலைகாரர் கைதாகி, எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டு, அவற்றுள் ஒன்று எவருடையது என்று தெரியாமல் காவல்துறை ஒரு முகத்தின் படத்தை வெளியிட்டு, இவரை யாருக்கேனும் தெரியுமா என்று உலகத்தைக் கேட்ட பிறகுதான், 2018இல், அவர் இன்னார் என்று அடையாளம் காணப்பட்டார்.